துப்பாக்கிக்குக் கேமோ பெயிண்ட்: கொங்குப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுற்றுப்புறத்தோடு கலந்து தெரிகிற கேமோ (camouflage) நிறத்தைத் துப்பாக்கிக்கு அடிப்பது பற்றிக் கேட்பவர்கள் இரண்டு வகை. ஏர் ரைஃபிள் வாங்கித் தோட்டத்து மூலையில் டப்பாவையும் காகித இலக்கையும் சுட்டுப் பழகும் இளவட்டங்கள் ஒரு பக்கம். தாத்தா காலத்து ஒற்றைக்குழலையோ இரட்டைக்குழலையோ, .315 ரைஃபிளையோ முறையான உரிமத்தோடு வைத்திருக்கும் பொள்ளாச்சி, உடுமலை, சத்தி பக்கத்துத் தோட்டக்காரர்கள் இன்னொரு பக்கம். ரெண்டு பேரும் கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான்: "அடிச்ச பெயிண்ட் நிக்குமாங்க?" பெயிண்ட் பட்டறை வேலை தெரிந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நிற்கும். ஆனால் நிற்பதும் உரிவதும் கலர் டப்பாவைத் திறப்பதற்கு முன்னாலேயே முடிவாகிவிடும்.

வேட்டைக்கே தடை இருக்கிறது. அப்புறம் துப்பாக்கிக்கு எதற்குக் கேமோ?

நியாயமான கேள்வி. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்றைக்கு நம் ஊரில் வேட்டை என்று ஒன்று கிடையாது. முயல், காட்டுப்புறா, கௌதாரி என்று எதையும் தொடக் கூடாது. மயில் நிலக்கடலையைக் கொத்திப் போட்டாலும் மயில் மேல் கை வைக்க முடியாது. காட்டுப்பன்றிக்கு 2025 ஜனவரியில் அரசாணை வந்தது உண்மைதான். காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம் என்றார்கள். ஆனால் சுடப்போவது வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள்தான், தோட்டக்காரர் இல்லை. ஏர் ரைஃபிளால் கிளி அடித்தாலும் அதே சட்டம்தான் பாயும்.

அதனால் யாருக்கும் தெரியாமல் ஒளிந்துகொள்ள இங்கே கேமோ தேவையில்லை. தேவை வேறு. துப்பாக்கிக் குழலில் கம்பெனியிலிருந்து வரும் கருநீலப் பூச்சு, இரும்பின் மேலேயே உண்டாக்கிய மெல்லிய ஆக்சைடு படலம். எண்ணெய் தடவிக்கொண்டே இருந்தால்தான் அது துருவைத் தடுக்கும். ஐப்பசி மழையில் ஒரு வாரம் உறைக்குள்ளேயே கிடந்தால் கைரேகை பதிந்த இடமெல்லாம் செம்புள்ளி விழும். ஒழுங்காக அடித்த பெயிண்ட் இரும்புக்கும் ஈரத்துக்கும் நடுவில் சுவராக நிற்கும், பளபளப்பையும் அடக்கும். கேமோ டிசைன் அதற்கு மேல் போடும் ஆசை, அவ்வளவுதான். ஆசையில் தப்பில்லை.

சட்டப்படி பெயிண்ட் அடிக்கலாமா?

நிறம் பிரச்சினை இல்லை, நம்பர்தான் பிரச்சினை. உரிமத் துப்பாக்கியில் அடித்திருக்கும் வரிசை எண், தயாரிப்பாளர் பெயர், சோதனை முத்திரை இவற்றை அழிப்பதோ மாற்றுவதோ 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி குற்றம். அந்த இடத்தில் எமரித் தாள் படக் கூடாது, பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் தூளை அடித்துப் பரப்பைச் சொரசொரப்பாக்கும் வேலை) மணலும் படக் கூடாது. டேப் ஒட்டி மறைத்துவிட்டுச் சுற்றிலும் அடியுங்கள். வேலை முடிந்து டேப்பை எடுத்தால் நம்பர் பழையபடி பளிச்சென்று படிக்க வர வேண்டும். உரிமம் புதுப்பிக்கப் போகும்போது அதிகாரி அதைத்தான் பார்ப்பார்.

ஏர் ரைஃபிளைப் பொறுத்தவரை, 2016 ஆயுத விதிகளின்படி குழல் 0.177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ., சக்தி 20 ஜூலுக்குள் இருந்தால் உரிமம் வேண்டாம். அதற்காகக் கேமோ அடித்த ஏர் ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கில் போகாதீர்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது என்ன ரகம் என்று தெரியாது. பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகப் பக்கமோ, வேறு சரணாலயத்துக்குள்ளோ கொண்டு போகவே கூடாது. அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவதே தனிக் குற்றம்.

ராணுவ யூனிஃபார்ம் டிசைனையே அடித்துத் தருவார்களா?

கேட்காதீர்கள். 2022 ராணுவ தின அணிவகுப்பில் வந்த அந்தப் புது டிசைனின் உரிமை ராணுவத்திடம் இருக்கிறது. கடையில் விற்கவே விடுவதில்லை. தவிர, அந்தப் பொடிக் கட்ட டிசைன் ஒரு ஆள் முழுவதையும் மறைப்பதற்காகப் போட்டது. இரண்டு அங்குல அகலம்கூட இல்லாத குழலில் வெட்டிப் போட்டால் அழுக்குப் படிந்த மாதிரிதான் தெரியும்.

துப்பாக்கியைப் பட்டறையில் விட்டுவிட்டு நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாமா?

உரிமம் வேண்டாத ஏர் ரைஃபிள் என்றால் தாராளமாக. உரிமத் துப்பாக்கி என்றால் கூடவே கூடாது. உரிமம் இல்லாதவர் கையில் ஒரு ராத்திரி இருந்தாலும் அது அவருக்கும் வம்பு, உங்களுக்கும் வம்பு. உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரி மூலமாக வேலையைக் கொடுங்கள். கழற்றுவது, பூட்டுவது அவர்களுக்குக் கைவந்த வேலை. பிளாஸ்டிங்குக்கு வெளியே எடுத்துப் போக வேண்டி வந்தால் அதற்கு என்ன வழி என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தப் பெயிண்ட் வாங்குவது? கடையில் இருக்கும் ஸ்பிரே கேன் போதாதா?

போதும், எதிர்பார்ப்பு குறைவாக இருந்தால். ஸ்பிரே கேனில் வருவது பெரும்பாலும் ஒற்றைப் பொருள் பெயிண்ட். தின்னர் ஆவியாகப் போனதும் காய்ந்துவிடும். அதே தின்னரை மறுபடி தொட்டால் கரைந்தும் விடும். குழல் துடைக்கும் கரைசல் நாலு சொட்டுக் கீழே வழிந்தால் அந்த இடத்தில் பிசுபிசுக்கும். டிசைனை மாற்றி மாற்றி விளையாட நினைக்கிறவர்களுக்கு அதுவே வசதி. பிடிக்காவிட்டால் அசிட்டோன் தொட்டுத் துடைத்துவிடலாம்.

நீடிக்க வேண்டும் என்றால் ஹார்டனர், அதாவது இறுகவைக்கும் திரவம், கலக்கும் பெயிண்டுக்குப் போக வேண்டும். கார் பட்டறையிலும் மரச்சாமான் பட்டறையிலும் புழங்கும் டூ-கே பியூ (இரட்டைப் பொருள் பாலியூரித்தேன்) அதுதான். இரண்டும் சேர்ந்து வேதியியல் முறையில் இறுகுவதால் அப்புறம் தின்னருக்குக் கரையாது. கோவையில் டவுன்ஹால் பக்கத்துப் பெயிண்ட் கடைகளில் கேட்டால் மேட் ரகமாகவே கிடைக்கும். கலப்பு விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டப்பாவில் போட்டிருப்பதை அளவுக் கப்பில் அளந்து ஊற்றுங்கள். கண்ணளவு வேண்டாம். ஹார்டனர் கூடினால் வெடுக்கென்று நொறுங்கும், குறைந்தால் ஜென்மத்துக்கும் இறுகாது.

மேட் பெயிண்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பளபளப்பைக் கொல்வதற்காகப் போட்டிருக்கும் சிலிக்கா தூள் டப்பா அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலாகக் கலக்கிவிட்டு ஊற்றினால் முதல் பாதி பாதிப் பளபளப்பாகவும், மிச்சம் சாம்பல் பூத்த மாதிரியும் வரும். தட்டைக் குச்சியால் அடியைச் சுரண்டி, குச்சியில் கட்டி ஒட்டாத வரைக்கும் கலக்க வேண்டும்.

துப்பாக்கிக்கென்றே அமெரிக்காவில் செய்யும் பூச்சுகளும் உண்டு. டியூராகோட் என்பது ஹார்டனர் கலக்கும் ரகம். சில மணி நேரத்தில் கையில் எடுக்கலாம். ஆனால் முழுசாக இறுகச் சில வாரம் ஆகும். செராகோட் என்பது செராமிக் கலந்த ரகம். ஓவனில் வைத்து இறுக்குவது, காற்றிலேயே இறுகுவது என்று இரண்டு வரிசை. ஓவன் வரிசைக்கு 121 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம். பூச்சின் தடிமன் 25 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு) சுற்றுவட்டாரம், மிக மெல்லியது. உரசலுக்கு இதைத் தாண்டி ஒன்றை நான் பார்க்கவில்லை. இறக்குமதிச் செலவைப் பார்த்தால் ஏர் ரைஃபிளுக்கு இது அதிகப்படி என்பது என் எண்ணம். உள்ளூர் டூ-கே மேட் போதும்.

பவுடர் கோட்டிங் போட்டுவிடலாமே? நம்ம ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறதே.

கேட்டுக்கும் கிரில்லுக்கும் பிரமாதம். துப்பாக்கிக்கு வேண்டாம். முதலில் தடிமன்: 60, 80 மைக்ரான் ஏறிவிடும். பொருந்தி உட்காரும் பாகம் எதுவும் திரும்பப் பொருந்தாது. இரண்டாவது சூடு: 180 முதல் 200 டிகிரியில் வேக வைப்பார்கள். இரட்டைக்குழல் துப்பாக்கியில் இரண்டு குழலையும் நடுவில் ஓடும் பட்டையையும் பெரும்பாலும் ஈயப்பற்று வைத்துத்தான் ஒட்டியிருப்பார்கள். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். ஓவனிலிருந்து எடுக்கும்போது குழல் தனி, பட்டை தனி என்று வரலாம்.

மூன்றாவதுதான் பலரும் யோசிக்காதது. பவுடர் கோட்டிங் பட்டறையில் சாமானை முதலில் ஏழு தொட்டியில் முக்கி எடுப்பார்கள். அதில் துரு எடுக்கும் தொட்டி ஆசிட். பற்று வைத்த இடுக்கில் புகுந்த ஆசிடைக் கழுவி எடுக்கவே முடியாது. பெயிண்டுக்கு அடியில் உட்கார்ந்து அரித்துக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங்கை ஆசிடில் போட்டால் உள்ளே ஹைட்ரஜன் ஏறி, ஒருநாள் சொல்லாமல் ஒடியும்.

தயாரிப்பு வேலை என்னென்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இதைச் சுருக்க முடியாது. வேலையில் முக்கால்வாசி இதுதான்.

முதலில் குண்டு உள்ளே இல்லை என்று பாருங்கள். பார்த்தாயிற்று என்று யார் சொன்னாலும் நீங்கள் ஒரு தடவை பாருங்கள். அப்புறம் கழற்றுங்கள். ஸ்பிரிங் வகை ஏர் ரைஃபிளில் பின்மூடியைச் சும்மா கழற்றினால் அழுத்தி வைத்த ஸ்பிரிங் முகத்தில் பாயும். அழுத்திப் பிடிக்கும் சாதனம் இல்லாவிட்டால் அதைக் கழற்றவே வேண்டாம். கட்டையை மட்டும் தனியே எடுத்துவிட்டு, மிச்சத்தை டேப் போட்டு மறைத்து அடிக்கலாம். ஒவ்வொரு திருகையும் அதனதன் இடத்தின் பெயர் எழுதிய சிறு கவரில் போடுங்கள்.

அடுத்து எண்ணெய். வருஷக்கணக்காக எண்ணெய் குடித்த இரும்பு வெளியே துடைத்தால் சுத்தமாகத் தெரியும். ஏமாறாதீர்கள். அசிட்டோனில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகு குழலைச் சூடு பண்ணிப் பாருங்கள். திருகு ஓட்டையைச் சுற்றியும், பின் அடித்த இடத்திலும், பட்டை ஓரத்திலும் கரும்பழுப்பாக முத்து முத்தாக எண்ணெய் வியர்த்து வரும். துடைத்துவிட்டு மறுபடி கழுவுங்கள், மறுபடி சூடு பண்ணுங்கள். வியர்ப்பது நின்ற பிறகு வெள்ளைப் பனியன் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். ஓவனில் வைத்து இறுக்கும் ரகம் அடிக்கப் போகிறீர்கள் என்றால் இதில் சலுகையே கிடையாது. பெயிண்ட் அடித்த பிறகு ஓவனுக்குள் அந்த எண்ணெய் வெளியே வந்தால் நடுவில் மீன்கண் மாதிரிக் குழி விழுந்துவிடும். ஏர் ரைஃபிளில் பிஸ்டன் சீல், ஓ-ரிங் உள்ளே இருக்கும்போது சூடு பண்ணாதீர்கள். அதற்கு அசிட்டோனும் ஆகாது.

பிறகு பிடிமானம். வழவழப்பான இரும்பில் எந்தப் பெயிண்டும் நகத்துக்கு வந்துவிடும். அலுமினியம் ஆக்சைடு அல்லது கார்னெட், 100 முதல் 120 கிரிட்டில் (துகளின் பொடி அளவு) பிளாஸ்டிங் செய்தால் இரும்பு சாம்பல் நிறமாக, விரல் வைத்தால் நுண்ணிய தாளைத் தொட்டது போல இருக்கும். அதுதான் சரி. கோவையில் கணபதி, சிட்கோ பக்கம் பம்ப் வார்ப்புகளுக்கு வேலை செய்யும் பட்டறைகளில் பிளாஸ்டிங் என்று கேட்டால் முதலில் ஷாட் பிளாஸ்டிங்கைத்தான் காட்டுவார்கள். அது இரும்புக் குண்டுகளால் அடித்து வார்ப்பு மணலை உதிர்ப்பது. குழலுக்கு அது முரட்டு வைத்தியம். உருண்டைக் குண்டு அடித்த பரப்பில் பெயிண்ட் கடித்துப் பிடிக்கவும் செய்யாது. "கையில் பிடித்து அடிக்கிற கேபினெட் இருக்கிறதா, உள்ளே என்ன மீடியா?" என்று கேளுங்கள். ஆற்று மணல் என்று சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள், அந்தத் தூசு நுரையீரலைக் கெடுக்கும். குழலின் இரண்டு வாயையும் ரப்பர் கார்க்கால் அடைக்காமல் எதையும் ஆரம்பிக்கக் கூடாது.

பிளாஸ்டிங் வசதி இல்லையா? 320 எமரித் தாளில் ஒரே சீராகத் தேய்த்து, இரும்புக்கான எபாக்சி பிரைமர் ஒரு மெல்லிய கோட் கொடுங்கள். கொஞ்சம் குறைவாக உழைக்கும், அவ்வளவுதான்.

பிளாஸ்டிங் முடிந்த இரும்பை வெறும் கையால் தொடாதீர்கள். நைட்ரைல் கையுறை போடுங்கள். அன்றைக்கே பெயிண்ட் ஏற வேண்டும். ஒரு ராத்திரி ஈரக்காற்றில் விட்டால் காலையில் செம்மண் பூசியது போல நிற்கும்.

எங்கெல்லாம் பெயிண்ட் படக் கூடாது?

குழலின் உட்புறம், குண்டு உட்காரும் அறை, குழல் முனையின் விளிம்பு, போல்ட் பூட்டும் காதுகள், டிரிகருக்குள் ஒன்றையொன்று பிடிக்கும் முகங்கள், திருகு மரைகள், ஸ்கோப் பிடிக்கும் காடி. குழலை மடித்துக் குண்டு போடும் ஏர் ரைஃபிளில் குழல் மூடும் முகமும் அங்கிருக்கும் சீலும். டிரிகர் பாகத்தில் பட்டால் அழகு கெடுவதோடு போகாது, துப்பாக்கி தானாக வெடிக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். அந்தப் பகுதியைத் தொடவே வேண்டாம்.

மரக்கட்டைக்கும் பிளாஸ்டிக் கட்டைக்கும் ஒரே முறையா?

இல்லை. மரத்தை ஓவனில் வைக்கக் கூடாது. ஈரம் போய்ப் பிளக்கும், வளையும். பழைய பாலிஷை எடுத்துவிட்டு, எண்ணெய் ஊறிய இடத்தை அசிட்டோன் துணியால் பல தடவை ஒற்றியெடுத்து, மர சீலர் கொடுத்து, காற்றில் இறுகும் டூ-கே அடியுங்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன். நல்ல வரியோடிய வால்நட் கட்டையோ, தாத்தா கை பட்டு மெருகேறிய கட்டையோ இருந்தால் அதன் மேல் பெயிண்ட் அடிக்க எனக்கு மனசு வராது. வேறு சாதா கட்டை ஒன்று வாங்கி அதில் அடித்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக்கில், கண்ணாடி இழை கலந்த நைலானில் நன்றாகவே பிடிக்கும். பாலிப்ரொப்பிலீன் (பிபி) வகையில் நேரடியாக எதுவும் ஒட்டாது. கார் பம்பருக்கு அடிக்கும் பிபி பிரைமரை முதலில் ஒரு தூறல் போடுங்கள். எந்த ரகம் என்று தெரியாவிட்டால், ரப்பர் பட்டைக்கு அடியில் மறைந்திருக்கும் பின்முனையில் அடித்துக் காயவிட்டு, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள்.

நம்ம மண்ணுக்கு எந்த நிறங்கள் பொருந்தும்?

இணையத்தில் கிடைக்கும் டிசைன்களில் நிறைய அமெரிக்க ஓக் காட்டுக்கானவை. அந்தப் பச்சை நம் ஊரில் மழைக்காலம் தவிர எங்கும் இல்லை. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) மாசி பங்குனியில் போய் நில்லுங்கள். கொழுக்கட்டைப் புல் காய்ந்து வைக்கோல் நிறம். அதற்கடியில் செம்மண் மங்கி, காவியும் சாம்பலும் கலந்த நிறம். வெள்வேல மரப்பட்டை மஞ்சள் ஓடிய வெளுப்பு. கிளுவை வேலி இலை இல்லாமல் சாம்பல் பச்சை. இந்த நாலையும் வைத்துக்கொண்டால் வேறு கலர் அட்டையே தேவையில்லை. பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்கு என்றால் புல்லின் நிறத்தைக் குறைத்து, நிழல் பழுப்பையும் மங்கிய பச்சையையும் கூட்டலாம். பல்லடம், உடுமலைக் கரிசலுக்குக் கரும்பழுப்பு.

தனிக் கறுப்பு வேண்டாம். தோட்டத்தில் வெயில் நேரத்தில் உற்றுப் பாருங்கள், நிழல்கூடக் கறுப்பாக இருக்காது. கடைப் பச்சையும் அப்படியே ஆகாது. அதில் காவியும் சாம்பலும் கொஞ்சம் விட்டு மங்க வைக்க வேண்டும்.

நிறத்தைவிட முக்கியமானது பளபளப்பு இல்லாமை. மான் இனத்துக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கும் திறன் குறைவு என்பதால்தான் வெளிநாட்டு வேட்டைக்காரர் ஆரஞ்சு சட்டை போட்டுக்கொண்டும் மான் முன்னால் நிற்க முடிகிறது. பறவைக்கு நிறப் பார்வை நம்மைவிடக் கூர்மை. ஆனால் எந்தக் கண்ணுக்கும் முதலில் சிக்குவது வெயிலில் மின்னும் குழலும், அதன் நேர்கோடும்தான்.

டிசைன் எப்படிப் போடுவது?

நேர்கோட்டை உடைப்பதுதான் வேலை. பெரிய திட்டுகள் குழலுக்குக் குறுக்கே சாய்வாக ஓட வேண்டும். ஒரு பக்கம் ஆரம்பித்த திட்டு மேல் விளிம்பைத் தாண்டி மறுபக்கம் இறங்க வேண்டும். கட்டையும் குழலும் சேரும் இடத்தில் திட்டு நின்றுவிடக் கூடாது, இரண்டிலும் ஏறி ஓட வேண்டும். பொடிப் பொடியாக நிறைய போட்டால் பக்கத்தில் பார்க்க அழகாக இருக்கும். இருபதடி தள்ளிப் போனால் எல்லாம் கலந்து ஒரே கருந்தடி.

எளிய முறை இது. முதலில் வைக்கோல் நிறத்தை முழுவதும் அடியுங்கள். காய்ந்ததும் கொழுக்கட்டைப் புல்லின் காய்ந்த தாள்களைக் கொத்தாகச் சாய்த்து வைத்து, மேலே காவியைத் தூறலாக விடுங்கள். புல் இருந்த இடத்தில் வைக்கோல் நிறமே நிற்கும். அப்புறம் வேப்பங்கொத்தோ கிளுவைக் கொத்தோ வைத்து, அதன் மேல் கரும்பழுப்பு. பச்சை இலையின் ஈரம் பெயிண்டைக் கெடுக்கும் என்பதால் முந்தின நாளே பறித்துப் புத்தகத்துக்குள் வைத்து வாட விடுங்கள். ஸ்டிக்கர் வெட்டி ஒட்டும் முறையில் கணக்கு கொஞ்சம் குழப்பும்: முதலில் அடித்த நிறம்தான் கடைசியில் மேலே இருப்பது போலத் தெரியும். அதனால் எது முன்னால் தெரிய வேண்டுமோ அதை முதலில் அடியுங்கள். ஓவன் ரகத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவில் குறைந்த சூட்டில் சிறிது நேரம் வைத்து எடுத்தால்தான் ஸ்டிக்கர் ஒட்டும்போது பெயிண்ட் கூடவே வராது.

பாம்புச் செதில் மாதிரி வேண்டும் என்பவர்களுக்குத் திருப்பூர்தான் கதி. பனியன் கம்பெனி வேஸ்ட் கடையில் ஸ்போர்ட்ஸ் டீ-ஷர்ட்டுக்கான நெட் துணி வெட்டுப்பீஸ் கிலோ கணக்கில் கிடைக்கும். ஓட்டை பெரிதாக இருப்பதாகப் பார்த்து எடுத்து, குழலைச் சுற்றி இழுத்து கிளிப் போட்டு, மேலே ஒரே ஒரு தூறல். துணி குழலோடு ஒட்டிய இடத்தில் செதில் கூர்மையாக விழும். தூக்கி நின்ற இடத்தில் புகை மாதிரிப் பரவும். எல்லா இடத்திலும் கூர்மையாக விழ வேண்டியதில்லை, பாதி தேய்ந்து மறைவதுதான் பார்க்க இயல்பு. துணியை உடனே நேராகத் தூக்கி எடுக்க வேண்டும், இழுத்தால் தீற்றிவிடும். முழுத் துப்பாக்கியும் செதிலாக இருந்தால் செருப்புக்கடைத் தோல் போல ஆகிவிடும். இரண்டு மூன்று இடத்தோடு நிறுத்துங்கள்.

கேன் என்றால் ஒரு சாண் தூரம், நிற்காமல் ஓடும் கை, மெல்லிய பல கோட். ஸ்பிரே கன் என்றால் சின்ன 0.8 மி.மீ. முனை. கம்ப்ரசர் டேங்கில் சேர்ந்த தண்ணீரை முதலில் திறந்து விடுங்கள்.

எந்த மாதம் அடிக்கலாம்?

தை முதல் பங்குனி வரை, காலை வேளை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற அந்தக் காற்றில் திறந்த வெளியில் மேட் பெயிண்ட் அடித்தால் பாதி புழுதிதான் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு தொல்லை: பியூ ஹார்டனர் காற்றிலுள்ள ஈரத்தோடும் சேர்ந்து வேலை செய்து நுண்ணிய கொப்புளம் விடும், மேற்பரப்பு வெளுக்கும்.

வீட்டு ஓவனில் வைக்கலாமா?

சமைக்கிற ஓவனில் கூடாது. அந்த ஆவி ஓவன் சுவரில் படிந்து அடுத்த நாள் கேக்கில் வரும். குழல் நீளத்துக்கு வீட்டு ஓவன் போதவும் போதாது. மோட்டார் ரீவைண்டிங் பட்டறைகளில் வார்னிஷ் காய வைக்கும் ஓவன் உண்டு. அதன் சூடு செராகோட்டுக்குப் பொருத்தமாக வரும். உள்ளே ஒட்டியிருக்கும் வார்னிஷைத் துடைத்துவிட்டு, தனி வெப்பமானி ஒன்றைக் குழல் பக்கத்திலேயே தொங்கவிட்டுப் பாருங்கள். கதவில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். உரிமத் துப்பாக்கியின் குழல் என்றால் மேலே சொன்ன வியாபாரி வழிதான் இதற்கும்.

முகக்கவசம் போட்டுத்தான் ஆக வேண்டுமா?

ஆக வேண்டும். பியூ ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒரு தடவை ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் வாழ்நாள் முழுக்க அந்த வாடை பட்டாலே இளைப்பு வரும். கைக்குட்டை, துணி மாஸ்க், கொரோனா காலத்து மாஸ்க் எதுவும் இந்த ஆவியைத் தடுக்காது. இரண்டு பக்கமும் கார்ட்ரிட்ஜ் உள்ள ஆவி மாஸ்க், கண்ணாடி, முழுக்கைச் சட்டை, காற்றோட்டமான இடம். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

ஸ்கோப்புக்கும் அடிக்கலாமா?

ஓவனில் வைக்கவே கூடாது. உள்ளே அடைத்த வாயுவும் ஓ-ரிங்கும் கெடும். காற்றில் இறுகும் பெயிண்டை அடிக்கலாம். லென்ஸ், திருகும் குமிழ்கள், எண்கள் எல்லாவற்றையும் மறைக்க வேண்டும். உத்தரவாதம் போகும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது, தன் மேலேயே ஒட்டிக்கொள்ளும் கேமோ துணி டேப்பைச் சுற்றிவிட்டுப் பேசாமல் இருங்கள். வேண்டாம் என்றால் உரித்துவிடலாம்.

இறுகிவிட்டதா என்று எப்படித் தெரியும்?

வெளியே தெரியாத இடத்தில் அசிட்டோன் தொட்ட பஞ்சால் பத்துப் பதினைந்து தடவை தேயுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் இன்னும் இறுகவில்லை, அல்லது ஹார்டனர் குறைந்துவிட்டது. டூ-கே பியூவுக்கு ஒரு வாரமாவது விட்டுவிட்டு அப்புறம் பூட்டுங்கள். தேர்தல் சமயத்தில் உரிமத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அங்கே வரிசையாகச் சாய்த்து வைத்து மேலே சீட்டுக் கட்டுவார்கள். அரைகுறையாகக் காய்ந்த துப்பாக்கியைக் கொடுத்தால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் துப்பாக்கியோடு ஒட்டிக்கொண்டுதான் திரும்பி வரும். தேர்தல் தேதி அறிவிக்கும் முன்னரே வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கலாமா?

வைக்காமல் இருந்தால் வீட்டில் விட மாட்டார்கள். மேட் பெயிண்டின் பரப்பு நுண்ணிய சொரசொரப்பு, மஞ்சளும் குங்குமமும் அதற்குள் போய் உட்காரும். வைக்கோல் நிறத்தின் மேல் பளிச்சென்று தெரியும். பூஜை முடிந்ததும் சோப்புத் தண்ணீர் தொட்ட மெல்லிய துணியால் ஒற்றியெடுங்கள், அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளக்க ஆரம்பிக்கும். மஞ்சள் கறை மிச்சம் நின்றால் பயப்பட வேண்டாம், வெயில் பட்டால் மஞ்சள் நிறம் தானாக வெளுத்துவிடும். குங்குமத்தை அப்படி நம்ப முடியாது. பொட்டைத் தோல்வாரில் வைத்துவிடுவது நல்லது.

ஓரத்தில் உரிந்துவிட்டது. முழுவதும் மறுபடி அடிக்க வேண்டுமா?

வேண்டாம். கேமோவின் பெரிய சௌகரியமே இதுதான். ஒற்றை நிறமாக இருந்தால் ஒட்டுப் போட்டது தெரியும். இதில் உரிந்த இடத்தை 400 தாளால் மங்கத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, ஸ்பாஞ்சுத் துண்டில் பெயிண்ட் தொட்டு, பழைய கவரில் இரண்டு தடவை ஒற்றி மிச்சத்தைக் குறைத்துவிட்டு, துப்பாக்கியில் ஒற்றினால் போதும். புதுத் திட்டு பழைய திட்டோடு கலந்துவிடும். உரிந்த இடத்துக்கு அடியில் எண்ணெய் ஈரம் தெரிந்தால் மட்டும் ஒட்டு நிற்காது. அந்தப் பாகத்தைக் கழற்றி, சூடு பண்ணி வியர்க்க விடுவதிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.